ஸ்ட்ராம்போலிக்கு ஒரு மலைப்பயணம்

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வடக்கே, கடலுக்கு மேல் 924 மீட்டர் உயர்ந்து நிற்கும் எரிமலைத் தீவு ஸ்ட்ராம்போலி. அடுப்பில் கூழ் கொதிக்கையில் குமிழி வெடித்துத் தெறிப்பதைப் பார்த்திருப்போம். அங்கும் பாறைக் குழம்பினூடே மேலெழும் வாயுக் குமிழிகள்தாம் வெடித்து நெருப்பைச் சிதறடிக்கின்றன. இருட்டியபின் இக்காட்சியைக் காணவே மலையேறுவோர் வருகின்றனர்.

பயணம் என்றதும் நாம் போடுவது செலவுக் கணக்கு. இங்கோ முதலில் பார்க்க வேண்டியது மலையின் அன்றைய எச்சரிக்கை நிலை. 2019 ஜூலை 3 அன்று பெருவெடிப்பில் மலையேறிய ஒருவர் மாண்டார். அதன்பின் ஏறும் உயரத்துக்கு வரம்பு விதித்தனர். மலையின் போக்கைப் பொறுத்து அது மாறும். கடல் கொந்தளித்தால் படகும் வராது. எனவே இரண்டொரு நாள் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். வழிகாட்டி, தலைக்கவசம், விளக்கு, குடிநீர் இன்றி ஏறுவது வீரமன்று.

மலை மூடியிருந்தால்? தூரத்துப் படகிலிருந்தே, நெருப்புக் கற்கள் சரிவில் கடலை நோக்கி உருள்வதைக் காணலாம். எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது.