திங்கட்கிழமை மட்டும் தாமதம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை நானே பூட்டினேன். 2019-ல் ஜூஜுவாடியிலிருந்து அத்திப்பள்ளி வழியாக மார்க்கெட் பஸ் பிடித்து, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அரை நாள் அலைந்து, ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்தது. ஆறு கோர் ப்ராசஸர், 8 ஜிபி டிடிஆர்4 ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும் கையில் இருப்பவனுக்கு ஒரு கேபினெட்டைப் பூட்டுவது பெரிய காரியம் இல்லை.

ஐந்து வருஷம் தொந்தரவில்லாமல் ஓடியது. மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்து முப்பரிமாண வரைபடம் போட ஆரம்பித்ததும்தான் திணறியது. 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று வேலையை ஒன்றாகச் செய்தேன். இன்னொரு 8 ஜிபி ராம் (வேறு கம்பெனி; பழைய மாடல் கிடைக்கவில்லை), 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கைமாறி வந்த ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸைப் புதிதாக எஸ்எஸ்டியில் ஏற்றினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போட்டோக்களுக்காக அப்படியே விட்டுவைத்தேன். பட்டனை அழுத்தினால் இருபதாவது நொடியில் டெஸ்க்டாப் வந்து நின்றது. மகள் கைதட்டினாள்.

சில நாள் கழித்து ஒரு காலை, பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது, திரை கருப்பாகவே இருந்தது. தானாக அணைந்தது, தானாக எழுந்தது, மறுபடி அணைந்தது. மூன்று நிமிஷத்துக்குப் பிறகுதான் படம் வந்தது. அன்றைக்கு முழுவதும் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இருபது நொடிதான். மறுநாளும் அப்படியே. பிறகு இன்னொரு நாள் மறுபடி மூன்று நிமிஷம்.

லைனில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஓடாமல் நின்றுபோன மெஷினைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அப்பப்போ நிற்கிற மெஷின்தான் தூக்கத்தைக் கெடுக்கும். நாம் பக்கத்தில் போய் நிற்கும்போது அது நன்றாக ஓடும். கையில் கிடைத்த பாகத்தை மாற்றிவிட்டு, அதனால்தான் சரியானது என்று நம்பிவிடுவோம். நானும் முதல் மூன்று வாரம் அதைத்தான் செய்தேன். விண்டோஸை இரண்டு தடவை திரும்ப ஏற்றினேன். ஸ்டார்ட்அப்பில் இருந்த செயலிகளை எல்லாம் நிறுத்தினேன். கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். அங்கே அது சமர்த்தாக இருபது நொடியில் எழுந்தது. எதற்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுங்கள் என்றார்கள். வாங்காமல் திரும்பி வந்தேன்.

2002-ல் டெமிங் பரிசு வாங்கிய டிவிஎஸ் மோட்டார் இருக்கிற ஊர் ஓசூர். ‘ஒய்-ஒய் அனாலிசிஸ்’ என்கிற வார்த்தை சிப்காட் ஓரத்து டீக்கடையில்கூடக் காதில் விழும். ஏன் நின்றது, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போவது. ஜப்பானில் டொயோட்டா வளர்த்த பழக்கம். இருபது வருஷமாகக் கம்பெனியில் அதைச் செய்கிறவன், வீட்டு மேஜையில் இருந்த மெஷினிடம் ஒரு ‘ஏன்’கூடக் கேட்காமல் இருந்துவிட்டேன். ஒரு ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது இது உறைத்தது. மகளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். “இனிமே ஆன் பண்ணும்போதெல்லாம் போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு எழுது. மொத்த நேரம் வேண்டாம், மூணா பிரிச்சு எழுது.”

மூன்றாகப் பிரிப்பதுதான் பாதி வைத்தியம். பட்டனை அழுத்தியதிலிருந்து போர்டு கம்பெனியின் லோகோ வரும் வரை முதல் கட்டம். திரை கருப்பாக இருக்கும். லோகோ வந்து, அதன் கீழே புள்ளிகள் சுற்றத் தொடங்கும் வரை இரண்டாவது. புள்ளிகள் சுற்றுவதிலிருந்து டெஸ்க்டாப் வரை மூன்றாவது. முதல் கட்டத்தில் விண்டோஸ் இன்னும் பிறக்கவே இல்லை. ப்ராசஸர், ராம், கார்டு எல்லாம் இருக்கின்றனவா என்று போர்டு சோதிக்கிறது. இரண்டாவதில், விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று தேடிப் போய்க் கதவைத் திறக்கிறது. மூன்றாவதில்தான் விண்டோஸின் பொறுப்பு ஆரம்பம். முதல் கட்டத்தில் நிற்கிற மெஷினுக்கு விண்டோஸைத் திரும்ப ஏற்றுவது, பல்வலிக்குக் காலில் மருந்து தடவுவது மாதிரி.

மூன்றாவது கட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச்சும் வேண்டாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவருக்குள், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபாமன்ஸ் என்ற பகுதியில் 100 என்ற எண்ணிட்ட பதிவு இருக்கும். எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை மில்லி செகண்டில் விண்டோஸே குறித்து வைத்திருக்கும். எங்கள் மெஷினில் நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. விண்டோஸ் நிரபராதி. ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் தன் உள்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதைத் தூக்கி வேகமாக எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால் முதலிலிருந்து முழுசாக எழும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் கணக்கு குழம்பும். மகள் தனித்தனியாக எழுதினாள்.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் மேலே ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று ஒரு எண் தெரியும். முதலில் அதை நம்பி ஏமாந்தேன். மூன்று நிமிஷம் கருப்புத் திரை பார்த்த அன்றும் அது பதினாலு நொடி என்றே காட்டியது. மெஷின் நடுவில் அணைந்து எழுந்தபோது அதன் கணக்கும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று பிறகு புரிந்தது.

நோட்டு ஆறு வாரத்தில் பேச ஆரம்பித்தது. கருப்புத் திரைத் தாமதம் ஒன்றைத் தவிர எல்லாமே திங்கட்கிழமை. எல்லாத் திங்களும் இல்லை. நாங்கள் சனிக்கிழமை சாயங்காலம் பாலக்கோட்டில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்வந்த திங்கள். ஊருக்குப் போகும்போது மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டுப் போவது வழக்கம். மற்ற ராத்திரிகளில் வைஃபை பெட்டிக்காக அந்த ஸ்விட்ச் போர்டு ஆனிலேயே இருக்கும். ஒரே ஒரு வியாழக்கிழமை மட்டும் இடித்தது. அன்றைக்கு என்ன என்று வீட்டுக்காரிதான் ஞாபகப்படுத்தினாள். “அன்னைக்குத்தானே மாதாந்திரப் பராமரிப்புன்னு காலைல ஒன்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும் கரண்ட் கட்டு?” அந்த வியாழக்கிழமை மட்டும் இல்லாமல் போயிருந்தால் வார லீவுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று வெகுநாள் யோசித்திருப்பேன். கரண்ட் முழுசாகப் போய் மணிக்கணக்கில் கிடந்தால், அடுத்த முறை தாமதம். அவ்வளவுதான்.

ஆனால் ஏன்? இதற்குப் பதில் சொன்னவர் பக்கத்துத் தெரு அக்கா. டைட்டன் 1980-களில் இங்கே வாட்ச் செய்ய ஆரம்பித்ததிலிருந்து ஓசூரில் வாட்ச் தெரிந்த கைகள் நிறைய. அவரும் வாட்ச் அசெம்பிளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் அவரிடம் பேச்சுவாக்கில், திங்கட்கிழமைகளில் பிரவுசர் திறந்தால் ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது’ என்று வருகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது என்று சொல்லியிருக்கிறாள். என்னிடமும் சொன்னாள்; நான் காதில் வாங்கவில்லை. அக்கா நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். “செல்லைப் பாத்தியா தம்பி? டைம் பின்னாடி போச்சுன்னா நாங்க மொதல்ல செல்லைத்தான் பாப்போம்.”

மதர்போர்டில் ஒரு நாணயம் அளவுக்குப் பளபளவென்று ஒரு பேட்டரி உண்டு. சிஆர்2032. இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பெயரே அதன் அளவுதான். 3 வோல்ட். போர்டுக்குள் ஓடுகிற கடிகாரத்துக்கும், நாம் வைத்த செட்டிங்குகளை மறக்காமல் காப்பதற்கும் அதுதான் உயிர். அந்தக் கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிர்கிற குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருகிற எண். பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் சரியாக நொடிக்கு ஒன்றில் வந்து நிற்கும். கைக்கடிகாரத்திலும் இதே படிகம்தான். அக்காவுக்கு இது விரல் நுனியில் இருந்தது.

சுவரில் கரண்ட் இருக்கும்வரை, மெஷின் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் மெல்லிசாக 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். செல்லுக்கு வேலையே இல்லை. மெயினை அணைத்தால்தான் பாரம் அதன் தலையில் விழும். கழற்றி மீட்டர் வைத்தேன். 2.5 வோல்ட். புதுச் செல் 3.2 காட்டும். ஐந்து வருஷச் செல் சில நிமிஷக் கரண்ட் கட்டைத் தாங்கியது, மணிக்கணக்கில் தாங்கவில்லை. போர்டு எல்லாவற்றையும் மறந்து 2019-க்குப் போய்விட்டது. விண்டோஸ் இணையத்தில் நேரத்தைச் சரிசெய்து அந்தத் தடயத்தையும் அழித்துவிட்டது. பூட்டியபோது நான் 3200 வேகத்தில் வைத்த ராம் எப்போதோ 2400-க்கு இறங்கியிருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

மறந்தால் ஏன் மூன்று நிமிஷம்? ராம்தான் காரணம். 3200 வேகத்தில் ஒரு பிட் ஒரு கம்பியில் நிற்கிற நேரம் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. அதற்குள் போர்டின் செப்புத் தடத்தில் மின்குறி ஐந்து சென்டிமீட்டர்கூட நகராது. ஒவ்வொரு தடத்தின் நீளமும் கொஞ்சம் மாறும், ஒவ்வொரு சிப்பின் குணமும் மாறும். அதனால் எழும்போது ப்ராசஸர் ஒவ்வொரு தடத்திலும் சோதனைத் தகவலை அனுப்பி, எந்தக் கணத்தில் படித்தால் பிழையில்லாமல் வருகிறது என்று பார்த்து நேரத்தைப் பொருத்துகிறது. இதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். கண்டுபிடித்த விடையைச் சேமித்து வைத்து மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். விடை தொலைந்தால் முதலிலிருந்து ஆரம்பம். ஒரே ராம் இருந்த காலத்தில் அது சில நொடியில் முடிந்திருக்கும். செல் செத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. இரண்டு கம்பெனி ராமைப் பக்கத்தில் வைத்த பிறகு, பொருந்தாமல் தோற்று, அணைந்து எழுந்து மறுபடி முயன்றது. கேபினெட்டின் பக்கப் பலகையைத் திறந்து வைத்து விளக்கை அணைத்துப் பார்த்தேன். போர்டின் ஓரத்தில் ‘டிராம்’ என்று எழுதிய சின்ன மஞ்சள் விளக்கு அந்த மூன்று நிமிஷமும் எரிந்தது. ஆக, புதுப் பாகம் எதையும் கெடுக்கவில்லை. பழைய பாகத்தில் இருந்த நோயை வெளியே கொண்டுவந்தது.

(2021 கடைசியிலிருந்து வருகிற டிடிஆர்5 மெஷின் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல்முறை ஆன் செய்யும்போது பல நிமிஷம் கருப்புத் திரை வருவது சில போர்டுகளில் இயல்பு. பயந்து பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள். அது பாடம் படித்துக்கொண்டிருக்கிறது.)

புதுச் செல்லைப் போட்டு இரண்டு வாரம் பார்த்தேன். கருப்புத் திரை வரவில்லை. அத்தோடு விடக் கூடாது. பழைய செல்லைத் திரும்பப் போட்டு, ஒரு ராத்திரி மெயினை அணைத்து வைத்தேன். காலையில் மூன்று நிமிஷம். பழுதைத் திருப்பி வரவழைக்க முடிந்தால்தான் காரணம் உறுதி. கம்பெனியில் எனக்கு முதல் நாளில் சொல்லிக்கொடுத்தது அது.

ஆனாலும் நோட்டில் இன்னொரு வகைத் தாமதம் பாக்கி இருந்தது. லோகோ வந்துவிடும், புள்ளிகள் வராது. நாற்பது நொடி அப்படியே நிற்கும். கிழமைக்கும் கரண்ட்டுக்கும் சம்பந்தமில்லை. இரண்டாம் கட்டம் என்றால் டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். மெஷின் எழவே இல்லை. எஸ்எஸ்டி பத்திரமாக இருக்கிறது, விண்டோஸ் அதில் இருக்கிறது, ஆனால் பூட் செய்ய ஒன்றும் இல்லை என்கிறது.

பழைய டிஸ்க் மாட்டியிருக்கும்போதே விண்டோஸை ஏற்றியதால் வந்த வினை. ஏற்கெனவே அதில் இருந்த 100 எம்பி பூட் பகுதியையே விண்டோஸ் எடுத்துக்கொண்டது. புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டு, சாவியைப் பழைய வீட்டு ஆணியில் மாட்டியிருந்தோம். தினமும் அங்கே போய்ச் சாவி எடுத்துத்தான் கதவு திறந்தது. பழைய டிஸ்க்குக்கோ வயதாகிவிட்டது. சோதித்துப் பார்த்தால் சரியாகப் படிக்க முடியாத செக்டர்கள் இருந்தன. அது படிக்கத் திணறிய நாளெல்லாம் நாங்கள் லோகோவைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். முதல் வேலையாகப் போட்டோக்களை நகலெடுத்தேன். பிறகு எஸ்எஸ்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பகுதி ஒதுக்கி, ‘பிசிடிபூட்’ என்ற கட்டளையால் பூட் ஃபைல்களை அங்கே எழுதினேன். கட்டளை அடிக்கத் தயங்குகிறவர்கள், தகவல்களை நகலெடுத்துக்கொண்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு விண்டோஸைத் திரும்ப ஏற்றினால் போதும். சாவி சரியான வீட்டுக்கு வந்துவிடும்.

மூன்று பாகத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாட்டாமல், வாரத்துக்கு ஒன்றாக மாட்டி நடுவில் நோட்டு எழுதியிருந்தால், இரண்டு பழுதும் ஒன்றோடு ஒன்று கலந்திருக்காது. கம்பெனியில் ஒரு லைனில் ஒரே நாளில் மூன்று மாற்றம் செய்ய எங்கள் மேனேஜர் கையெழுத்துப் போடவே மாட்டார்.

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பி வந்தோம். மெயினைப் போட்டேன். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பட்டனை அழுத்தினாள். கருப்புத் திரை ஒன்பது, லோகோ மூன்று, புள்ளி எட்டு. நோட்டில் எழுதிவிட்டு, கேபினெட்டின் உள்பக்கம் நான் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். கம்பெனியில் பேரிங் மாற்றினால் ஒட்டுகிற மாதிரி, செல் மாற்றிய தேதியை அதில் எழுதியிருந்தேன். அதன் கீழே அவள் பால்பாயின்ட் பேனாவால் இன்னொரு வரி சேர்த்தாள்: ‘அடுத்த செல், நாலு வருஷம் கழிச்சு. வாட்ச் அக்காகிட்ட வோல்டேஜ் காட்டிட்டு மாத்தணும்.’