மலை ஏறுமுன், கோட்டைக்குள் நுழையுமுன்: உரிமைகள், ஆபத்துகள், பரிகாரங்கள்

இலங்கையின் மலையுச்சிகளும் பழங்கோட்டைகளும் பெரும்பாலும் அரச நிலத்தில் இருக்கின்றன. அரச நிலம் என்பதால் யாரும் எப்போதும் நுழையலாம் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு மலைக்கும் கோட்டைக்கும் பொறுப்பாக ஒரு திணைக்களம் உண்டு. அதன் பின்னால் ஒரு வர்த்தமானி அறிவித்தலும், மீறினால் தண்டிக்கும் சட்டமும் உண்டு. விடுமுறைக்குப் பரந்தனிலிருந்து வான் பிடித்துச் சீகிரியாவுக்கோ சிவனொளிபாதமலைக்கோ போகும் குடும்பமும், மோட்டார் சைக்கிளில் பூநகரிக் கோட்டையைப் பார்க்கப் போகும் இளைஞர்களும் புறப்படுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கால் வைக்கப் போகும் நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது? உரிமை எவ்வளவு, ஆபத்து எது, பிரச்சினை வந்தால் யாரிடம் போவது என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

நிலமும் திணைக்களமும்

அரசியலமைப்பின் 14(1)(ஏ) உறுப்புரை, நாடெங்கும் சுதந்திரமாக நடமாடும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. ஆனால் அந்த உரிமையைச் சட்டத்தால் மட்டுப்படுத்த முடியும். மலைகளையும் கோட்டைகளையும் பொறுத்தவரை அவ்வாறு மட்டுப்படுத்தும் சட்டங்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களும் பொருட்களும் இதன் கீழ் வருகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கட்டிய கோட்டைகள் எல்லாம் அந்தத் திகதிக்கு முந்தியவை. இவற்றுக்குத் தொல்பொருள் திணைக்களம் பொறுப்பு. சீகிரியா போன்ற பெரிய இடங்களில் நுழைவுச்சீட்டு, பராமரிப்பு ஆகியவற்றை மத்திய கலாசார நிதியம் கவனிக்கிறது.

இரண்டாவது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இதை நடைமுறைப்படுத்துவது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டுடன் போகலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பரந்திருக்கும் சுண்டிக்குளமும் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். கடும் இயற்கை ஒதுக்கிடங்களின் நிலை வேறு. அநுராதபுர மாவட்டத்தின் 766 மீற்றர் உயர ரிட்டிகல மலை அத்தகைய ஒன்று. அடிவாரத்தில் உள்ள பழைய மடாலய இடிபாடுகளைப் பார்க்கலாம். உச்சிக்கு ஏறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

மூன்றாவது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் பாதுகாக்கப்பட்ட காடுகள் இதன் கீழ் வருகின்றன. அங்கே நடைபயணம் போகவும் கூடாரம் அடிக்கவும் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

இவற்றோடு படையினரின் பொறுப்பில் உள்ள இடங்களும் இருக்கின்றன. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான 2,524 மீற்றர் பிதுருதலாகலவின் உச்சி உயர் பாதுகாப்புப் பகுதி. திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. ஆனாலும் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை மக்களுக்குத் திறந்திருக்கிறது.

வேல்ஸ் நாட்டில் எப்படி

ஐக்கிய இராச்சியத்தின் வேல்ஸில் வழக்கம் இதற்கு மாறானது. அங்கே 2000ஆம் ஆண்டின் கிராமப்புற மற்றும் வழியுரிமைச் சட்டம், வரைபடத்தில் குறிக்கப்பட்ட மலை, புல்வெளி, புதர்நிலம் ஆகியவற்றில் கால்நடையாகத் திரியும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. நிலம் தனியாருடையதாக இருந்தாலும் இந்த உரிமை செல்லும். வேல்ஸில் இது 2005 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 1,085 மீற்றர் உயர யர் விட்வா சிகரமும், கல்வீடுகளின் அடித்தளங்கள் இன்றும் தெரியும் இரும்புக்கால மலைக்கோட்டையான ட்ரெர் கெய்ரியும் நடைபயணிகள் பெரிதும் நாடும் இடங்கள்.

ஆனால் அந்த உரிமை நடப்பதற்கு மட்டுமே. பாதுகாக்கப்பட்ட மலைக்கோட்டையில் கல்லைப் பெயர்ப்பதும், அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பாவிப்பதும் அங்கும் குற்றம். இயற்கையான பாறையிலோ பள்ளத்திலோ விழுந்து காயப்பட்டால் நில உரிமையாளரிடம் இழப்பீடு கேட்கவும் பொதுவாக இயலாது. பிரித்தானியாவில் உள்ள உறவினரிடம் போய் மலையேறும் வன்னி மக்கள் அங்குள்ள சுதந்திரத்தையும் இலங்கைச் சட்டத்தையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

பூநகரியும் ஆனையிறவும்: மண்ணுக்குள் உள்ள ஆபத்து

பரந்தன் சந்தியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றரில் பூநகரிக் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் தொடங்கியதை ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் விரிவாக்கினர். ஆங்கிலேயர் காலத்தில் அது வாடிவீடாகப் பயன்பட்டது. கடற்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர்கள் பல இடங்களில் சாந்து உதிர்ந்து நிற்கின்றன. கையை ஊன்றி ஏறினால் கல் பெயர்ந்து வரும். பொந்துகளில் முத்திரைப் புடையன் போன்ற பாம்புகள் ஒதுங்கியிருக்கும். பற்றை மூடிய இடத்தில் பாழ்கிணறு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து மண்ணுக்குள் இருக்கிறது. பூநகரியில் 1993 நவம்பரிலும் ஆனையிறவில் 1991, 2000 ஆகிய ஆண்டுகளிலும் பெரும் சமர்கள் நடந்தன. 2009 ஜனவரி வரை இந்தப் பகுதி முழுவதும் காவலரண்களாலும் மிதிவெடி வரிசைகளாலும் நிறைந்திருந்தது. பழைய கோட்டைகள் கடல்வழியையும் தரைவழியையும் காக்கும் இடங்களில் கட்டப்பட்டவை. அதே காரணத்துக்காகவே போரின்போதும் அந்த இடங்களைச் சுற்றி நிலைகள் அமைந்தன. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களும் இராணுவத்தின் மிதிவெடி அகற்றும் பிரிவும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து பெரும்பகுதியைத் துப்புரவாக்கியுள்ளன. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் இணைந்தது. ஆனாலும் மழைவெள்ளம் வெடிபொருளை இடம்பெயர்த்துக் கொண்டுவரும். உப்புவெளியில் மண் அரிக்க, புதைந்து கிடந்தது மேலே வரும்.

எனவே கோட்டைக்குப் போகிறவர்கள் ஆள் நடமாட்டமுள்ள பாதையை விட்டு விலகக் கூடாது. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகை, சிவப்புத் தலையுள்ள குச்சிகள், கட்டிய நாடா ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடவோ கல்லெறியவோ படமெடுக்கக் கிட்டப் போகவோ வேண்டாம். நின்ற இடத்திலேயே நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும். பழைய இரும்பு பொறுக்கும் சிறுவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவது பெரியவர்களின் கடமை.

புதையல் தேடித் தோண்டுவது வேறொரு பொறி. அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம். சொந்தக் காணியில் கிடைத்தது என்ற ஒரே காரணத்தால் தொல்பொருள் காணிக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. கிணறு வெட்டும்போது பழைய நாணயமோ சிலையோ கிடைத்தால் அறிவிக்க வேண்டும். மறைப்பதும் விற்பதும் வழக்கில் கொண்டுபோய் விடும்.

சுவரில் எழுதிய பெயர்

சட்டம் தெரியாததால் எவ்வளவு இழப்பு வரும் என்பதற்குச் சீகிரியாவில் நடந்த வழக்கு தெளிவான சான்று. அங்குள்ள பளிங்குச் சுவர் எனப்படும் கண்ணாடிச் சுவரில் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வந்துபோனோர் கீறிய பாடல் வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை பாதுகாக்கப்பட்ட தொல்பொருள். 2015 பெப்ரவரியில் மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் சுற்றுலா வந்தபோது அதே சுவரில் தன் பெயரைக் கீறினார். அன்றே கைதானார். மார்ச் மாதம் தம்புள்ளை நீதவான் நீதிமன்றம் அவருக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பெரும் எதிர்ப்பும் அனுதாபமும் எழுந்த பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பில் அவர் விடுதலையானார்.

2019 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் 8 பேர், ஹொரவப்பொத்தானைப் பகுதியில் உள்ள பழைய தாதுகோபத்தின் மேல் ஏறி எடுத்த படங்கள் முகநூலில் பரவியதால் கைதாயினர். விளக்கமறியலில் இருந்த பின்னர் தண்டப்பணம் செலுத்தி வெளியே வந்தனர்.

இரண்டு வழக்குகளும் சொல்பவை மூன்று. தொல்பொருள் வழக்கில் பிணை எளிதாகக் கிடைக்காது. தெரியாமல் செய்தேன் என்பது குற்றத்திலிருந்து விடுவிக்காது. முகநூலில் போட்ட படமே சாட்சியாகும். ட்ரோன் பறக்கவிடவும் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் அந்த இடத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதியையும் முதலில் பார்க்க வேண்டும்.

மலையில் வரும் ஆபத்துகள்

வன்னி மக்கள் வெயிலுக்குப் பழகியவர்கள்; குளிருக்கும் செங்குத்துக்கும் பழகியவர்கள் அல்லர். 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலையில் இரவு ஏறி விடியற்காலை வரை உச்சியில் காத்திருப்போருக்கு, வியர்வையில் நனைந்த சட்டையே குளிரை உடலுக்குள் ஏற்றும். மாற்றுச் சட்டை, மழைக்கவசம், தலையில் கட்டும் விளக்கு ஆகியவை அவசியம். இருதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டே புறப்பட வேண்டும். யாத்திரைக் காலம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையில் முடியும். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் கடுமை. விளக்கும் கடைகளும் இராது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் மின்னல் அதிகம். அந்த மாதங்களில் மதியத்துக்கு முன் உச்சியிலிருந்து இறங்கிவிடுவது நல்லது. இடி கேட்டால் தனிமரத்தின் கீழோ வெட்டவெளிப் பாறையிலோ நிற்கக் கூடாது.

சீகிரியாவில் குளவிக் கொட்டு அடிக்கடி நடக்கும். கூச்சலும் புகையும் கடும் வாசனைத் திரவியங்களும் அவற்றைக் கிளப்பும். கலைந்து வந்தால் கையை வீசாமல், முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். சீகிரியா, ரிட்டிகல சுற்றுவட்டார வீதிகளில் அதிகாலையிலும் மாலை இருட்டிலும் யானை நிற்கும். ஒலி எழுப்பியோ வெளிச்சம் அடித்தோ அதை நெருங்கக் கூடாது.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவோ உறிஞ்சவோ கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, பார்வை பார்ப்பவரைத் தேடி நேரம் போக்காமல், விஷமுறிவு மருந்துள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வழி தவறினால் தெரிந்த இடத்தில் நின்றுகொள்வதே பாதுகாப்பு. ஒரு நிமிடத்தில் 6 முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டுத் திரும்ப ஊதுவது மலையேறுவோர் உலகெங்கும் அறிந்த உதவிக் குறி. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் தேடுவோருக்கு வேலை பாதியாகும்.

வழிபாட்டு மலைகள்

சில மலைகள் தொல்பொருள் இடமாகவும் வழிபாட்டிடமாகவும் இருக்கின்றன. அரசியலமைப்பின் 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகள் மதத்தைப் பின்பற்றவும் வழிபடவும் உள்ள உரிமையைக் காக்கின்றன. தன் மதத்தின் வழிபாட்டிடத்துக்குப் போவதை இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களால் தடுக்க முடியாது என்று 12(3) சொல்கிறது. வவுனியா வடக்கில் வெடுக்குநாறிமலையில் 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவில் வழிபாட்டுக்குப் போன 8 பேர் கைதாகினர். அவர்களை அதே மாதம் 19ஆம் திகதி வவுனியா நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. இத்தகைய இடங்களுக்குப் போகுமுன் நடப்பில் உள்ள நீதிமன்ற உத்தரவு என்ன என்பதை ஆலய நிர்வாகத்திடமோ சட்டத்தரணியிடமோ கேட்டறிவது பாதுகாப்பு.

கைதானால்

கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது 13(1) உறுப்புரை. பிடியாணை இன்றிக் கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். தமிழும் அரச கரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கவும் நீதிமன்றில் மொழிபெயர்ப்புப் பெறவும் கேட்கலாம். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசித்து விளக்காமல் அதில் கையொப்பமிடக் கூடாது. சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும்.

அதிகாரிகளால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அதற்குள்ள காலம் 1 மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

தகவல் கேட்கலாம்

ஒரு மலையோ கோட்டையோ வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதா, எல்லை எங்கே, நுழைவுக் கட்டணம் எந்த விதிப்படி என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழில் எழுதிக் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைப் பலகையில் தமிழ் இல்லை என்றால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

விபத்து நேர்ந்தால்

அம்புலன்சுக்கு 1990, இது இலவசம். பொலிசுக்கு 119. மண்சரிவு, வெள்ளம் போன்றவற்றுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. மலையில் தொலைபேசி அலை கிடைக்காத இடங்கள் பல என்பதால், காயப்பட்டவருடன் ஒருவரை விட்டு இருவர் சேர்ந்து இறங்கி உதவி கேட்பது நல்லது.

சிகிச்சைக்குப் பின் வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, நுழைவுச்சீட்டு, இடத்தின் படங்கள் ஆகியவற்றைக் கவனமாக வைத்திருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தராத வான்காரர், பயண ஏற்பாட்டாளர் மீது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடலாம். உடைந்த கைப்பிடி, மூடாத பள்ளம் போன்ற கவனக்குறைவால் காயம் வந்திருந்தால் மாவட்ட நீதிமன்றில் நட்டஈட்டு வழக்குத் தொடரலாம். அதற்குரிய காலம் 2 ஆண்டுகள். அரசுக்கு எதிராக வழக்கு என்றால், தாக்கல் செய்வதற்கு ஒரு மாதம் முன்னரே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். தடை தெரிந்தும் வேலியைத் தாண்டிப் போயிருந்தால் நட்டஈடு கேட்கும் வலு பெரிதும் குறைந்துவிடும்.