படியின் உயரம் எத்தனை சென்டிமீட்டர்?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிப் பள்ளிகளுக்குத் தொழிற்சாலைகளிலிருந்து தன்னார்வலர்கள் வருவதுண்டு. சுவருக்கு வண்ணம் பூசுவார்கள், மரக்கன்று நடுவார்கள். அவர்களிடமும் நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடமும் ஓர் அளவு நாடாவைக் கொடுத்துப் பார்க்கலாமே!

அளக்க வேண்டியது கட்டடத்தின் உட்புறத்தை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொதுக் கட்டடங்கள் தடையற்றவையாக இருக்க வேண்டும் என்கிறது. வாசலில் சாய்தளம் இருக்கிறது, சரி. சக்கர நாற்காலியில் வரும் மாணவியின் ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தால்? கழிப்பறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகலாக இருந்தால்? அதற்குப் பயந்து பள்ளியில் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு.

'அணுகல்தன்மை ஆய்வு' என்று அழைத்தால் தன்னார்வலர்கள் தயங்குவார்கள். கேள்வி சிறியதாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் 2010இல் தொடங்கப்பட்ட 'வீல்மேப்' இணைய வரைபடம் அப்படித்தான் கேட்கிறது. வாசலிலும் உள்ளேயும் படியே இல்லையென்றால் பச்சை. வாசலில் 7 செ.மீ.க்கு மிகாத ஒரே படி, முக்கிய அறைகளில் படி இல்லை என்றால் மஞ்சள். மற்றவை சிவப்பு.

நம் பள்ளியில் இருவர் குழுவுக்கு ஒரே ஒரு பாதை கொடுங்கள்: வாசலிலிருந்து வகுப்பறை, அங்கிருந்து கழிப்பறை. படியின் உயரம், கதவின் அகலம், சாய்தளத்தின் சரிவு ஆகியவற்றைக் குறிக்கட்டும். கதவு 90 செ.மீ. திறக்க வேண்டும். சரிவு 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் 18 அடிச் சாய்தளம் தேவை. இடமில்லை என்று ஆறடியில் முடித்துவிட்டால் அதில் ஏறுவதே ஆபத்து. விகிதம் நடத்த இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

மாணவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து இரக்கம் வரவழைக்கும் பயிற்சியில் எனக்கு உடன்பாடில்லை. அந்த இரக்கம் திங்கட்கிழமைக்குள் வடிந்துவிடும். எந்தப் பாதையை முதலில் அளப்பது என்பதை, விருப்பமிருந்தால், அந்த மாணவியே சொல்லட்டும். வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரையும் அழையுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் தடை எது என்பதை அவர் காட்டுவார்.

தான் அளந்தது என்னவாயிற்று என்று தெரிந்தால்தான் தன்னார்வலர் மறுமுறை வருவார். வரைபடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற நிதி வேண்டியதில்லை, தலைமை ஆசிரியரின் முடிவு போதும். மாற்றியதும் அளந்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அடுத்து நியாயவிலைக் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், வங்கி எனச் செல்லலாம், பொறுப்பாளரின் அனுமதியோடு. அங்கே தடை இருந்தால் மத்திய அரசு 2021இல் வெளியிட்ட 'சுகம்ய பாரத்' செயலியில் படத்துடன் புகார் பதியலாம்.