முகச் சிவப்புக்கு லேசரா? பணம் கட்டுமுன் கேளுங்கள்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர் இருப்பதால் வெயில் சுடுவது தெரிவதில்லை. ஆனால் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. பகலில் வெயிலும் மலைக்காற்றும், மாலையில் விறகடுப்பின் அனல். கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகம் இத்தனையையும் ஒரே நாளில் தாங்குகிறது.

இவையெல்லாம் றொசேசியா என்ற தோல் நோயைத் தூண்டக்கூடியவை. கன்னத்திலும் மூக்கிலும் இரத்த நாளங்கள் விரிந்து முகம் சிவக்கும். வெள்ளையர் தோலில் அது உடனே தெரியும். எமது தோலில் சிவப்பு மறைந்துவிடும். எரிச்சலும் சூடும் பருப்போன்ற கட்டிகளுமே மிஞ்சும். பரு என்று நினைத்து ஏதாவது கிறீம் பூசுகிறோம். முகத்தை வெளுப்பாக்கும் கிறீம்கள் சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது. முதலில் முகம் பளபளக்கும், நிறுத்தினால் முன்னரைவிட எரியும். இந்தியாவில் இந்தக் கேடு பெருகியதால் 2018இல் 14 வகை ஸ்டீரொயிட் கிறீம்களை வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அரசு விதித்தது. ஆகவே என்ன பூசினீர்கள் என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிவப்போடு மூட்டுவலியும் களைப்பும் இருந்தால் அது லூபஸ் நோயாகவும் இருக்கலாம். அதற்கு லேசர் மருந்தல்ல.

இனி லேசருக்கு வருவோம். குறித்த நிற ஒளி குறித்த பொருளை மட்டும் சூடாக்கும் என்ற தத்துவம் 1983இல் வெளியானது. (எமக்கு அந்த ஆண்டு வேறு காரணத்தால் மறக்காது.) இங்கே குறி, இரத்தத்தின் செந்நிறம். ஆனால் தோலின் கருநிறமும் ஒளியைக் குடிக்கிறது. எமக்குள்ள சிக்கல் அதுதான்.

595 நனோமீற்றர் மஞ்சள் ஒளி தரும் 'பல்ஸ்ட் டை' லேசர் நீண்டகாலமாகப் பயன்படுகிறது. பலமாக அடித்தால் ஒன்றிரண்டு வாரம் முகம் கன்றிப்போயிருக்கும். வீட்டில் அடி வாங்கினாயா என்று லயத்தில் கேட்பார்கள்; முன்பே தெரிந்திருப்பது நல்லது. 532 நனோமீற்றர் பச்சை ஒளியான கே.டி.பி. மெல்லிய நாளங்களுக்கு நன்று, ஆனால் கருநிறம் அதை மிகுதியாகக் குடிப்பதால் எமது தோலில் சூட்டுக்காயமும் கறுப்புத் திட்டும் வரக்கூடும். 'ஐ.பி.எல்.' உண்மையில் லேசரே அல்ல, பல நிறம் கலந்த ஒளி. அழகு நிலையங்களில் அதையும் லேசர் என்றே சொல்கிறார்கள். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் ஓரளவு பாதுகாப்பானது 1,064 நனோமீற்றர் 'என்.டி. யாக்'. ஆழமாகப் போகும், வலியும் கூட. கை தவறினால் தழும்பு விழும்.

ஷெல் காயத் தழும்புகளுக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் காபனீரொட்சைட்டு லேசர் இவற்றிலிருந்து வேறானது. இரண்டுக்கும் ஒரே இயந்திரம் போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த லேசரும் றொசேசியாவை அடியோடு போக்காது. பல தடவை செய்யவேண்டும், பின் திரும்பவும் வரும். கட்டிகளுக்கு மெற்றோனிடசோல், அசெலாயிக் அமிலம் போன்ற பூச்சு மருந்துகளே முதல் வழி. அரச வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்கில் காட்டக் கட்டணமில்லை. அங்கே காட்டாமல் நகையை அடகு வைக்க வேண்டாம்.

லேசர்தான் என்று முடிவானால், இயந்திரத்தின் பெயரையும் அலைநீளத்தையும் கேளுங்கள். காதோரம் சிறு இடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் கறுத்த முகத்தில் போடக் கூடாது, போட்ட பின்னும் சில வாரம் வெயில் ஆகாது. நாட்சம்பளத்துக்கு மலையேறுபவர்கள் அதைச் சொல்லி, மழை மாதத்தில் திகதி கேட்கலாம்.