நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லுவது?



நெடுமங்காட்டிலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், கொண்டையூசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னே கல்லாறு என்னும் ஊர் வருகிறது. ஆற்றின் பெயரே ஊரின் பெயர். உருண்டைக் கற்களின்மேல் தெளிந்து ஓடும் அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்கள் பெயருக்குக் காரணம் கேட்கமாட்டார்கள். திருவனந்தபுரத்தில் பிழைப்புக்காகக் குடியேறிய நம்முடைய குடும்பங்கள் விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தக்க இடம். ஆனால் மலைமேல் மழை பெய்தால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கையிலேயே மலையாறு பெருகிவிடும்.

இந்த ஆற்றைக் குறித்து ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள் சொல்லலாம். "த ரிவர் ரைசஸ் சடன்லி" என்பது ஒன்று. "த ரிவர் ரோஸ் சடன்லி" என்பது மற்றொன்று. முன்னது எச்சரிப்பு, ஆற்றின் இயல்பு இதுவென்று சொல்லுகிறது. பின்னது ஒருநாள் நடந்த சம்பவம். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு சொல்லின் வடிவத்தில்தான். நம்முடைய பிள்ளை பள்ளியில், "எஸ்டர்டே வீ கோ டு கல்லாறு, த ரிவர் ரைசஸ், வீ ரன்" என்று சொன்னால், ஆசிரியர் சிரித்துவிட்டுத் திருத்துவார். பெரியவர்கள் வேலைத்தலத்தில் இவ்வாறு பேசும்போது திருத்துவதற்கு ஒருவரும் இரார்.

மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சபைகளில் செவிலியர் பணி செய்யும் சகோதரிகள் அநேகர். வெளிமாநிலத்திலும் வளைகுடா நாடுகளிலும் பணிமாற்றத்தின்போது அடுத்தவரிடம் நோயாளியை ஒப்புவிப்பது ஆங்கிலத்தில்தான். "ஐ கேவ் த இன்ஜெக்ஷன்" என்றால் மருந்து கொடுத்தாயிற்று. "ஐ கிவ் த இன்ஜெக்ஷன்" என்றால் கேட்பவர் என்ன எண்ணுவார்? கொடுத்தாயிற்றா, இனிமேல்தான் கொடுக்கப்போகிறாரா? மருந்து இருமுறை ஏறவும் கூடும், ஒருமுறையும் ஏறாமல் போகவும் கூடும். வேலைக்கான நேர்முகத்தேர்விலும் இப்படியே. முன்பு வேலை செய்த கம்பெனியைப் பற்றி "ஐ ஒர்க் தேர்" என்று சொன்னால், இன்னும் அங்கேயே இருப்பதாகத்தான் பொருள்படும்.

இதைக் கற்பிக்கும் வழக்கமான முறை, மூன்று கட்டங்கள் கொண்ட வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்வித்தல். அதனால் தேர்வில் மதிப்பெண் வரும். வாயில் பேச்சு வருவது அரிது என்பது என் எண்ணம். தமிழர் இதைத் தமிழிலிருந்தே தொடங்கலாம். நமக்குத் தெரிந்த ஒன்றை ஆங்கிலக்காரர் வேறு உடையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம்மில் மிகுதியாகக் காணப்படும் பிழை "ஐ டிட் நாட் வெண்ட்" என்பது. இனி தமிழைப் பாருங்கள். 'போனேன்' என்கிறோம். அதை மறுக்கும்போது 'போனவில்லை' என்று எந்தக் குழந்தையாவது சொல்லுமா? 'போகவில்லை' என்றே சொல்லும். 'இல்லை' வந்தவுடன் வினை தன் இறந்தகால வடிவத்தைக் கழற்றிவிட்டு, 'போக' என்னும் எச்சமாய் நிற்கிறது. ஆங்கிலமும் அதையே செய்கிறது. 'டிட் நாட்' வந்தவுடன் 'வெண்ட்' தன் வேடத்தைக் களைந்து 'கோ' ஆகிவிடுகிறது. 'போனவில்லை' எவ்வளவு கோணலாகக் காதில் விழுகிறதோ, 'டிட் நாட் வெண்ட்' அவ்வளவு கோணலாக அவர்கள் காதில் விழும். இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் அந்தப் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும்.

ஒரு வேற்றுமையும் உண்டு. 'போகவில்லை' என்பது நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். ஆங்கிலமோ காலத்தை விடாது. அதை 'டிட்' என்னும் சொல்லின் கையில் கொடுத்துவைக்கிறது. கேள்வியிலும் அந்தக் 'டிட்' தான் முன்னே வருகிறது. இங்கே தமிழ் நமக்குத் துணை நிற்பதில்லை, 'போனாயா?' என்று இறந்தகாலத்தை அப்படியே வைத்துக் கேட்கிறோம். ஆகவே 'டிட் யூ வெண்ட்' என்று வாய் தவறுகிறது. 'டிட்' காலத்தை எடுத்துக்கொண்டால் பின்வரும் வினை வெறுங்கையாய் வரவேண்டும்: 'டிட் யூ கோ'.

அடுத்ததற்குக் கேரளத்தில் வாழும் நமக்கு இன்னொரு உதவி இருக்கிறது. தமிழில் நான் போனேன், நீ போனாய், அவர்கள் போனார்கள் என்று ஆளுக்கேற்ப வினையின் வால் மாறுகிறது. மலையாளத்தில் ஞான் போயி, நீ போயி, அவர் போயி. யார் போனாலும் 'போயி' தான். ஏ. ஆர். ராஜராஜ வர்மா தமது 'கேரள பாணினீயம்' என்னும் இலக்கண நூலில், மலையாளத்தைத் தமிழினின்று பிரித்த ஆறு மாற்றங்களுள் இதையும் ஒன்றாக எண்ணி, 'புருஷபேத நிராசம்' என்று பெயரிட்டார். இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயரும் 1856-ல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்தில் மலையாள வினையின் இந்தத் தன்மையை எடுத்துரைத்திருக்கிறார். ஆங்கிலமும் இதே வழியில் வால்களை உதிர்த்த மொழி. 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் 'தௌ' என்னும் முன்னிலையோடு 'கேமஸ்ட்', 'டிட்ஸ்ட்' என்று வருவதைப் படித்திருப்பீர்கள். உதிராமல் எஞ்சியிருந்த பழைய வால் அது. இன்று ஐ வெண்ட், யூ வெண்ட், தே வெண்ட் எல்லாம் ஒன்றே. சாலைக்கடையில் 'போயி' என்று பேசப் பழகிய நம் நாவுக்கு இது புதிதல்ல. 'வாஸ்', 'வேர்' என்னும் இரண்டு மாத்திரம் ஆளைப் பார்த்து மாறும்.

ஒழுங்கில்லாத வினைகளைக் கண்டு அஞ்சுகிறவர்கள் உண்டு. அவை ஏறத்தாழ 200. அன்றாடப் பேச்சுக்கு அதில் பாதியும் வேண்டாம். நன்னூல் நமக்குச் சொல்லும் இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று நான்கு. அவற்றுக்கும் அடங்காமல் பெறு என்பது பெற்றேன் என்றும், விடு என்பது விட்டேன் என்றும் மெய் இரட்டித்துக் காலம் காட்டும். வா என்பது வந்தேன் என்று குறுகும். இவற்றை அட்டவணை பார்த்தா கற்றோம்? 'சிங்' என்பது 'சேங்' ஆவதும் அத்தகையதே. 'வெண்ட்' என்பதற்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. அது 'கோ'வின் சொந்தப் பிள்ளையன்று. செல்லுதல் என்ற பொருளுடைய வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ' தன் பழைய வடிவத்தை இழந்தபோது இதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டது.

உண்மையான இடர் ஒழுங்குள்ள வினைகளில்தான் இருக்கிறது என்பேன்; அதுவும் இலக்கணத்தில் அல்ல, வாயில். தமிழ்ச்சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகையால் ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் வரும் அந்தச் சிறு ஒலியை நாம் விழுங்கிவிடுகிறோம், அல்லது 'வாக்கெட்' என்று ஓர் அசையைக் கூட்டுகிறோம். சபையில் ஒருவர் ஆங்கிலத்தில் சாட்சி சொல்லுகிறார்: 'காட் ஹீல்ட் மீ'. அந்தக் கடைசி ஒலியை விழுங்கினால், குறிப்பிட்ட நாளில் தமக்கு நடந்ததைச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று தெரியாது. சாட்சிக்கு நாள் உண்டு. நாளுள்ள பேச்சுக்கு இறந்தகாலம் வேண்டும்.

வழி எளிது. விரலைத் தொண்டையில் வையுங்கள். வினையின் கடைசி மெய்யொலியில் அதிர்வு இல்லையென்றால் 'டீ' என்னும் சொல்லின் ஒலி சேரும்: வாக்ட், ஸ்டாப்ட். அதிர்வு இருந்தாலோ, உயிரொலியில் முடிந்தாலோ 'டாக்டர்' என்பதன் முதல் ஒலி சேரும்: கால்ட், ஹீல்ட், ப்ளேட். வினையே இவ்விரண்டு ஒலிகளில் ஒன்றில் முடிந்தால்மட்டும் ஓர் அசை கூடும்: வான்டட், நீடட்.

இன்னொன்று: 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று படித்தவர்களும் எழுதுகிறார்கள். 'கல்லாற்றைப் பார்த்திருக்கிறேன்' என்போம், 'நேற்றுப் பார்த்தேன்' என்போம். 'நேற்று', 'போன வாரம்', '1998-ல்' என்று நாளைக் குறித்துவிட்டால் 'ஐ சா' தான்.

இரவு உணவின்போது பிள்ளைகள் அன்று நடந்ததை ஐந்து வாக்கியங்களில் சொல்லட்டும். மூன்று நடந்தவை, ஒன்று நடக்காதது, ஒன்று தகப்பனிடமோ தாயினிடமோ கேட்கும் கேள்வி. பதிலைப் பெற்றோரும் ஆங்கிலத்திலேயே சொல்லவேண்டும்; பிள்ளைகள் திருத்தினால் கோபிக்கக்கூடாது.