பாண்டு வாத்தியமும் பண்டிகைக் கீர்த்தனையும்

மார்கழி பிறந்துவிட்டால் உடன்குடி வட்டாரத்தில் இரவின் இரு முனைகளும் சங்கீதத்துக்கு உரியவையாகிவிடுகின்றன. விடியற்காலையில் பாவைப் பாடல்களைப் பாடிவரும் பஜனைக் கோஷ்டி ஒரு தெருவில். முன்னிரவில் நட்சத்திர விளக்கேந்தி, கிறிஸ்து பிறப்பைப் பாடி வீடுதோறும் செல்லும் கீத பவனி மற்றொரு தெருவில். பதநீர்க் காலம் ஓய்ந்து, கருப்பட்டிக் காய்ச்சும் அடுப்புகள் ஆறிக் கிடக்கும் மாதம் அது. உடன்குடியை ஒட்டிய கிறிஸ்தியாநகரம் தொடங்கி மெய்ஞ்ஞானபுரம், நாசரேத்து, முதலூர், இடையன்குடி வரையில், தேரி மணற்காட்டைச் சூழ்ந்துள்ள ஊர்களிலெல்லாம் இப்பண்டிகை தெருவுக்கு வந்து கொண்டாடப்படும் பண்டிகையாகும். தெருவுக்கு வரும் பண்டிகைக்குத் தெருவில் ஒலிக்கக்கூடிய வாத்தியம் வேண்டும். கோவில்களில் அந்த ஸ்தானம் நாதஸ்வரத்துக்கு உரியது. கிறிஸ்தவ ஊர்களில் அதைப் பெற்றது பாண்டு வாத்தியம்.

இந்தப் பாண்டு எதை வாசிக்கிறது என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். இதை ஒரு மதத்தாரின் உள்வீட்டுக் காரியமென்று ஒதுக்கிவிடலாகாது. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஏந்தும் கலைஞர்களைக் கல்யாண ஊர்வலத்திலும் இறுதி யாத்திரையிலும் கோவில் விழாவிலும் ஒருங்கே காண்கிறோம். அவர்களுடைய வித்தை வளர்ந்தால் ஊரின் சங்கீதம் முழுவதுமே வளரும். அது தேய்ந்தால் எல்லோருக்கும் நஷ்டம்.

பவனியின் முன்னே செல்லும் பாண்டுகள் வழக்கமாக வாசிப்பவை மூவகைப்படும். முதலாவது, ஐரோப்பாவிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் மெட்டுகள். இரண்டாவது, ஜனங்கள் கேட்கும் சினிமா மெட்டுகள். மூன்றாவது, தமிழ்க் கீர்த்தனைகள். இவற்றுள் மிக எளிதாகக் கைவிடப்படுவது மூன்றாவது வகையே. ஐரோப்பிய மெட்டுகளுக்கு அச்சிட்ட ஸ்வரப் பிரதி உலகெங்கும் கிடைக்கிறது. சினிமா மெட்டு எல்லோர் காதிலும் இருக்கிறது. கீர்த்தனைக்கோ பெரும்பாலும் சொல்லும் ராக தாளப் பெயருமே அச்சில் உள்ளன. 1853-ம் வருஷத்தில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் பாதிரியார் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்ட காலந்தொட்டு இன்றுவரை வந்துள்ள கீர்த்தனைப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். பாட்டின் தலையில் ராகம் இன்னது, தாளம் இன்னது என்று ஒரு வரி காணப்படும். அந்த ராகம் அந்த ஊரில் எவ்விதம் நடைபோடுகிறது என்பது முதியவர்களின் கண்டத்தில் மாத்திரம் இருக்கிறது. முதியவர் மறைந்தால் மெட்டும் அவரோடு மறையும்.

இந்த நிலையில் வண்டியின்மேல் ஒலிபெருக்கியைக் கட்டி, நகரத்தில் பதிவு செய்த பாட்டை ஓடவிட்டுக்கொண்டு செல்லும் வழக்கமும் பரவியிருக்கிறது. அதற்குச் சம்பளம் வேண்டாம், ஒத்திகை வேண்டாம், அது களைப்பதுமில்லை. ஆனால் எந்த ஊரிலும் அது ஒரே பாட்டைத்தான் பாடும். பாண்டுக்கு எழுதி வைத்த கீர்த்தனை இருந்தாலன்றி, இயந்திரத்தோடு மனிதன் நடத்தும் இப்போட்டியில் மனிதன் தோற்பது நிச்சயம்.

"பாண்டு அந்நிய வாத்தியம், அதில் அந்நிய மெட்டு ஒலிப்பதுதானே முறை?" என்று கேட்பவர்கள் உண்டு. சரித்திரம் அவர்களுக்கு அனுகூலமாகச் சாட்சி சொல்லவில்லை. 1798 முதல் 1832 வரையில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அரண்மனையில் மேனாட்டுப் பாண்டு ஒன்றை வைத்துப் போஷித்தார். அதே காலத்தில் முத்துஸ்வாமி தீக்ஷிதர், பாண்டுகளில் ஒலித்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, சுமார் நாற்பது மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் அமைத்தார். நொட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுபவை அவையே. அந்த மெட்டுகளைப் பாடுவதால் தீக்ஷிதரின் சங்கீதம் மாசுபட்டதென்று யாரும் சொல்வதில்லை. சரபோஜியோடு ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பயின்ற வேதநாயகம் சாஸ்திரியாரோ 1774-ல் திருநெல்வேலியிற் பிறந்தவர். பெத்லகேம் என்ற அந்நிய ஊரின் கதையை 1800-ல் தமிழ்க் குறவஞ்சியாகவே பாடிவிட்டார். மெட்டு ஒரு தேசத்திலிருந்தும் சொல் ஒரு தேசத்திலிருந்தும் வரலாம் என்பதை ஒரே காலத்தவரான இவ்விருவரும் இரு திசையிலிருந்து நிரூபித்தார்கள்.

வாத்தியமுங்கூட இன்று முற்றும் அந்நியமன்று. வடக்கே மீரட் நகரத்தின் ஜாலி கோத்தியில் பித்தளை வாத்தியங்களைச் செய்யும் தொழிற்சாலைகள் பல தலைமுறைகளாக நடந்துவருகின்றன. கருவி சுதேசியாகிவிட்டது, வாசிப்பவர் சுதேசி, கேட்பவர் சுதேசி. வாசிக்கப்படும் பாட்டு மாத்திரம் ஏன் எப்பொழுதும் இரவலாக இருக்கவேண்டும்?

இனி, ஐரோப்பிய மெட்டுகளுக்கும் பாண்டுக்கும் இயற்கையாகவே பொருத்தமுண்டு, நம் மெட்டுகளுக்கு அது இல்லை என்ற எண்ணத்தை ஆராய்வோம். கிறிஸ்துமஸ் பாண்டுகள் எங்கும் முதலில் வாசிக்கும் மெட்டுகளுள் ஒன்று மெண்டல்ஸன் என்ற ஜெர்மானியருடையது. அவர் அதைக் கிறிஸ்துமஸுக்காக எழுதவில்லை. அச்சுக்கலை பிறந்த நானூறாவது ஆண்டு விழா 1840-ல் லைப்ஸிக் நகரில் கொண்டாடப்பட்டபோது, ஆண் குரல்களுக்கும் பித்தளை வாத்தியங்களுக்குமாக அவர் இயற்றிய விழாப் பாட்டின் ஒரு பகுதி அது. தெய்விகச் சொற்களுக்கு அந்த மெட்டு பொருந்தாது என்பதே அவருடைய அபிப்பிராயம். அவர் காலமான பிறகு, 1855-ல், கம்மிங்ஸ் என்ற ஆங்கிலேய இசைவாணர், சார்லஸ் வெஸ்லி 1739-ல் வெளியிட்ட ஞானப்பாட்டுக்கு அம்மெட்டைத் திருத்திப் பொருத்தினார். இன்று அவ்விரண்டையும் பிரித்து நினைப்பவர் இல்லை.

மற்றோர் உதாரணம் கேளுங்கள். 1944-ம் வருஷ முடிவில், யுத்த காலத்தில், ஆல்பிரட் ரீட் என்ற இருபத்துமூன்று வயது அமெரிக்கச் சிப்பாய், ரஷ்ய தேசத்துப் பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றையும் அந்நாட்டுத் திருச்சபையின் இசை முறையையும் ஆதாரமாகக் கொண்டு, பதினாறே நாட்களில் ஒரு பெரிய பாண்டு இசையை எழுதி முடித்தார். 'ரஷ்யக் கிறிஸ்துமஸ் இசை' என்ற அது உலகத்துப் பாண்டுகளுக்கெல்லாம் இன்று பொதுச் சொத்தாக விளங்குகிறது. ரஷ்யத் திருச்சபையில் வாத்தியத்துக்கே இடமில்லை. மனிதக் குரல் ஒன்றுக்குத்தான் இடம். குரலுக்கே உரிய அந்தச் சங்கீதத்தைப் பித்தளையிலும் மரத்திலும் பேசவைக்க ஓர் இளைஞரால் முடிந்ததென்றால், தெருவில் பாடிப் பழகிய நம் கீர்த்தனைக்கு அதைச் செய்வது அசாத்தியமாகுமா? பொருத்தம் என்பது பிறவியில் வருவதன்று. எழுதுகிறவரின் உழைப்பால் வருவது.

அந்த உழைப்பு எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். முதலாவது, சுருதி. பாண்டின் பெரும்பாலான குழல்கள் ஆறரைக் கட்டையையோ இரண்டரைக் கட்டையையோ ஆதாரமாகக் கொண்டு செய்யப்பட்டவை. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் முதல் வகை. ஆல்டோ சாக்ஸபோன் இரண்டாவது வகை. சபையில் ஆர்மோனியக்காரர் தமக்குப் பிடித்த கட்டையில் தொடங்கிவிட்டுப் பாண்டுக்காரரைத் தடுமாற விடுவது வீண். இரண்டரைக் கட்டை பாண்டுக்கு இயல்பானது. பாடும் ஜனங்களுக்கும் அதிகச் சிரமம் தராதது. அதை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது, எழுத்து. மேனாட்டு முறையில் ஒரே ஸ்வரத்தை ஒவ்வொரு குழலுக்கும் வெவ்வேறாக எழுதவேண்டும். கருவிக்கொரு பிரதி தேவை. நமது ஸரிகம எழுத்துக்கோ இத்தொல்லை இல்லை. 'ஸ' எங்கே என்பதைத் தத்தம் கருவியில் ஒவ்வொருவரும் அறிந்துகொண்டால், ஒரே தமிழ்ப் பிரதி அனைவருக்கும் போதும். இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய சோல்ஃபா முறையும் இதே தத்துவத்தைக் கொண்டது. நம் சபைகளின் பாடகர் குழுக்களுக்கு அது பழக்கமானது. வெளியூருக்கு அனுப்புவதற்கு மேனாட்டுக் கோடுகளில் எழுதிய பிரதி வேண்டுமானால் அதையும் பின்னர் செய்துகொள்ளலாம். நம் சங்கீதத்தை அவ்வெழுத்தில் அமைத்துச் சின்னஸ்வாமி முதலியார் சென்னையில் புத்தகங்கள் வெளியிட்டு நூற்றுமுப்பது வருஷங்கள் ஆகின்றன. அவரும் தமிழ்க் கிறிஸ்தவரே.

மூன்றாவது, துணை ஸ்வரங்கள். இங்கேதான் பெரும் பிழைகள் நேர்கின்றன. சங்கராபரணத்தில் அமைந்த கீர்த்தனைக்கு மேனாட்டு முறையில் துணை ஸ்வரங்களைச் சேர்த்தால் பெரிய சேதம் விளையாது. மாயாமாளவகௌளையில் அமைந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேனாட்டார் பாட்டை முடிப்பதற்குப் பஞ்சமத்தின்மேல் அடுக்கும் ஸ்வரங்களுள் சதுச்ருதி ரிஷபமும் ஒன்று. இந்த ராகத்திலோ சுத்த ரிஷபமே உண்டு. பழக்கத்தினால் அந்நிய ரிஷபத்தை ஊதினால் ராகம் அந்தக் கணமே சிதைந்துவிடும். தாலாட்டுக்கு உரிய நீலாம்பரியில் இடையே தலைகாட்டும் கைசிகி நிஷாதத்தைத் தவறென்று எண்ணித் திருத்திவிட்டால், தொட்டிலில் இருக்கும் பாலனுக்குத் தூக்கம் வராது. ஆகவே கனத்த குழல்களான யூபோனியமும் டியூபாவும் தம்பூரைப்போல் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நீட்டிப் பிடிக்கட்டும், கிளாரினெட்டு பாடட்டும், டிரம்பெட்டுகள் பல்லவி திரும்பும்போது மாத்திரம் சேர்ந்துகொள்ளட்டும். அனுபல்லவியில் ஒருவர் தனித்து வாசித்தால், சரணத்தில் எல்லோரும் கூடும்போது அதன் மகிமை தெரியும்.

கமகம் வராதே என்பார்கள். கிளாரினெட்டில் கமகம் வரும் என்பதற்கு ஏ.கே.சி. நடராஜனின் வாசிப்பே போதுமான அத்தாட்சி. டிராம்போனின் நீளும் குழாயில் ஜாரு இயற்கையாகவே வரும். டிரம்பெட்டுக்குக் கடினமான இடங்களை அதற்குக் கொடுக்காமலிருப்பதே எழுதுகிறவரின் விவேகம். தாளமும் அப்படியே. மிச்ர சாபுவின் ஏழு அட்சரத்தை மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்து, பெரிய டிரம்மில் முதல் அடியையும் சிறிய டிரம்மில் மற்ற இரண்டையும் தட்டினால், அந்த நடையில் நடந்து செல்லக்கூடச் சிறுவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

சட்ட சம்பந்தமாகவும் ஒரு வார்த்தை. 1957-ம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகு அறுபது வருஷங்கள் உரிமை நிலைக்கும். சாஸ்திரியார் 1864-லும், தென்காசிச் சீமையிற் பிறந்து 'கருணாமிர்த சாகரம்' இயற்றிய ஆபிரகாம் பண்டிதர் 1919-லும் காலமானார்கள். அவர்களுடைய கீர்த்தனைகளை யாருடைய அனுமதியுமின்றிப் பாண்டுக்கு எழுதலாம். அப்படிச் சுயமாக எழுதியவருக்குத் தம் அமைப்பின்மீது உரிமையும் உண்டு. நேர்மையான மத வைபவத்தில் வாசிப்பதற்குச் சட்டம் விலக்களித்திருக்கிறது. ஆனால் ரீட் 2005 வரையில் வாழ்ந்தவர். அவரைப் போன்றோரின் அச்சிட்ட பிரதியை விலை கொடுக்காமல் நகலெடுப்பது அந்த விலக்கில் அடங்காது. இலவசமாகவும் நியாயமாகவும் கிடைக்கும் சொந்தப் பொக்கிஷத்தை விட்டு, இரவற் பொருளை முறைதவறி எடுப்பது எந்த விதத்தில் புத்திசாலித்தனம்?

பணத்துக்கு எங்கே போவது என்பது கடைசி ஆட்சேபம். பிரமாதமான தொகை எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு சபையும் வருஷத்துக்கு ஐந்து கீர்த்தனைகளைத் தேர்ந்தெடுக்கட்டும். ஊரில் நன்றாகப் பாடும் முதியவர்களை உட்காரவைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்யட்டும். கைப்பேசி இல்லாத வீடு எது? சங்கீதப் பயிற்சியுள்ள ஆசிரியர் ஒருவர் அதை ஸ்வரப்படுத்தட்டும். ஐப்பசி மாதத்திலேயே பாண்டுக்காரர்களை அழைத்து ஒத்திகை தொடங்கவேண்டும். ஒத்திகை நாளுக்கும் கூலி கொடுக்கவேண்டும். பண்டிகையன்று ஒரு வேளைச் சாப்பாடும் சொற்பப் பணமும் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர்கள் கற்றுக்கொள்வதில்லை என்று குறைகூறுவது அநியாயம். பாண்டு வைத்திருக்கும் உயர்நிலைப் பள்ளிகள் இப்பிரதிகளைத் தம் மாணவர்களுக்குப் பாடமாக வைத்தால், அணிவகுப்பு நடையோடு ஒரு ராகத்தையும் பிள்ளைகள் அறிந்து வெளியேறுவார்கள்.

மெண்டல்ஸனின் மெட்டையும் வாசிக்கட்டும். அது அழகிய மெட்டு, அதற்கு நாம் விரோதியல்ல. அதோடு சாஸ்திரியாரின் கீர்த்தனையும் அதே கம்பீரத்தோடு, அதே ஒழுங்கோடு, எழுதிய பிரதியைப் பார்த்து வாசிக்கப்படவேண்டும் என்பதே நமது கோரிக்கை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணின் ருசி இன்னதென்று சட்டமே ஒப்புக்கொண்டது. இந்த மண்ணின் நாதத்துக்கு யாரும் முத்திரை கொடுக்கவேண்டியதில்லை. பாடுகிற முதியவர்கள் இருக்கும்போதே அதை எழுதிக்கொண்டால் போதும். வருகிற ஐப்பசியில் ஒரு சபையாவது இதைத் தொடங்குமா?