உங்களுக்குத் தெரியுமா? செல்ஃப் எடுக்காத பழைய லாரி

டீசல் லாரியில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினேழு மடங்கு அளவுக்கு நெருக்கும்போது அந்தக் காற்றே 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறிவிடும். அதில் டீசலைப் பனிபோலப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டியது இந்த வித்தையைத்தான். அதனால் கிளம்பாத லாரியிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறதா, டீசல் வருகிறதா, காற்று நெருங்குகிறதா?

கன்னியாகுமரிப் பக்கத்து நாஞ்சில் நாட்டுக்கு டீசல் எஞ்சின் நேற்று வந்ததல்ல. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20-இல் அரசு பஸ்ஸைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட வழித்தடம் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி சாலை. அதற்காக இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேஸிஸ்கள் வந்தன. அவற்றில் இருந்தவை பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்கள்.

செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கும் சத்தத்திலேயே பாதி நோய் தெரிந்துவிடும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியோ டெர்மினலோ சரியில்லை. வெளிச்சம் அப்படியே நிற்க, சத்தமே வரவில்லையா? சாவி சுவிட்சையும் சோலினாய்டையும் பாருங்கள். ‘சர்’ரென்று செல்ஃப் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் செல்ஃபின் பல் ஃப்ளைவீலில் சேரவில்லை. எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போதுதான் கம்ப்ரெஷன் (காற்றை நெருக்கும் திறன்), டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) பற்றிக் கவலைப்பட வேண்டும். எதுவானாலும் ஒரே மூச்சில் 15 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஆற விடாவிட்டால் செல்ஃபின் காயில் கருகிவிடும்.

எஞ்சின் சுற்றுகிறது, புகை இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் ஸ்டாப்பர் கம்பியைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்த இழுத்த கம்பி துருப்பிடித்து அப்படியே நின்றுவிட்டால் பம்ப் டீசலை விடாது. ஒரு சொட்டு எண்ணெயில் தீரும் கோளாறுக்குப் பம்பையே கழற்றிய கதைகள் உண்டு.

குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று மீன் ஏற்றும் வண்டிகளுக்கு எதிரி உப்பு. கடற்காற்று ஒரு பக்கம். ஐஸ் உருகிப் பெட்டியிலிருந்து சொட்டும் மீன்தண்ணீர் இன்னொரு பக்கம். பேட்டரியில் இருந்து வரும் எர்த் கம்பி சேஸிஸில் முடுக்கியிருக்கும் இடத்தில் உப்பு துருவை வளர்க்கும். மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், அடியில் கரண்ட் போக வழியிருக்காது. செல்ஃபுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும்; கொஞ்சம் துரு போதும், அதைத் தடுத்துவிட. புது பேட்டரி வாங்கிப் போட்டும் வண்டி எடுக்கவில்லை என்று வருகிற பலருடைய வண்டிகளில் குற்றவாளி இந்த எர்த்தான். அந்த இடத்தை இரும்புப் பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து முடுக்குங்கள். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பூவைச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் கழுவிவிடும். காய்ந்ததும் வாசலைன் தடவலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் பீடி கூடாது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. டேங்க் பாதி காலியாக நாள்கணக்கில் நின்றால் உள்ளே இருக்கும் ஈரக்காற்று இரவில் வியர்த்து நீராகும். தண்ணீர் டீசலைவிட எடை கூடியது. அடியில் தங்கி, முதலில் அதுதான் குழாயில் ஏறும். ஃபில்டருக்குக் கீழே உள்ள வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

டீசல் தீரும்வரை ஓட்டினால் ‘ஏர் பிடித்துக்கொள்ளும்’. காற்று நெருங்கும், டீசல் நெருங்காது. குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பம்ப் அதை அமுக்கிக்கொண்டே இருக்கும், டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்காது. ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைக்குமிழை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும், அழுத்தியபடியே திருகை முடுக்குங்கள். நாசில் பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் மட்டும் விரலை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் வடக்கு முனையில், குளிர்காலத்தில் டீசலே மெழுகாகி உறையும். அதற்கும் அப்பால் உள்ள லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019-இல் மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் டீசலைக் கொண்டுவந்தது. தெற்கு முனையில் அந்தக் குளிர் கிடையாது. “காலைக் குளிரில் எடுக்கமாட்டேங்குது” என்று இங்கே யாராவது சொன்னால், பேட்டரி சோர்ந்திருக்கிறது அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம்.

எலெக்ட்ரிக் செல்ஃபை 1911-இல் காருக்குப் பொருத்திக் காட்டியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அதற்குமுன் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்பினார்கள். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிப்பது பழைய டிரைவர்கள் கற்ற முதல் பாடம். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் முறியும்.

சரிவில் உருட்டிக் கிளப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏர் பிரேக் வண்டிக்குக் காற்றைச் சேர்ப்பது ஓடும் எஞ்சின். நெடுநேரம் நின்ற லாரியின் ஏர் டேங்கில் காற்று இறங்கியிருந்தால் மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. ஆரல்வாய்மொழி இறக்கமானாலும் பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத்து மேடானாலும் உருட்ட வேண்டாம். சக்கரத்துக்குக் கட்டை போட்ட பிறகே வண்டிக்கு அடியில் தலையை விடுங்கள்.